ஹாரிஸ் கவுண்டியில் ஒரு கைது: பதிவு எங்கே இருக்கிறது, அதை எப்படிப் படிப்பது

கைதுப் பதிவு என்றால் ஏதோ ஓர் அலமாரியில் ஒரே தாளாக இருக்கும், கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். டெக்சாஸின் ஹாரிஸ் கவுண்டியில், அதாவது ஹூஸ்டன் நகரத்தின் பெரும்பகுதி அடங்கிய கவுண்டியில், அப்படி ஒரு தாள் கிடையாது. ஒரே கைதின் துண்டுகள் நான்கு இடங்களில் கிடக்கின்றன. பிடித்த போலீஸிடம் சம்பவ அறிக்கை இருக்கிறது. ஷெரிஃபின் ஜெயிலில் புக்கிங் விவரம், அதாவது ஆளை உள்ளே சேர்க்கும்போது எழுதும் பதிவு, இருக்கிறது. கோர்ட் பதிவுகளை வைத்திருக்கும் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம் வழக்குக் கட்டு. ஆஸ்டினில் உள்ள மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையிடம், எல்லோரும் டி.பி.எஸ். என்பார்களே அதனிடம், கைரேகையோடு சேர்ந்த குற்ற வரலாறு.

இந்த நான்கில் ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். ‘ஆள் இப்போது உள்ளே இருக்கிறாரா?’ என்பதற்கு ஜெயில். ‘வழக்கு என்ன ஆயிற்று?’ என்பதற்குக் கிளார்க். ‘அன்றைக்கு என்ன நடந்தது?’ என்பதற்குப் போலீஸ். ‘மாநிலம் முழுக்க இவர் பெயரில் என்ன இருக்கிறது?’ என்பதற்கு டி.பி.எஸ். இடம் மாறிக் கேட்டால் வரும் பதில் பொய்யாக இருக்காது. ஆனால் கேட்டவரைத் தவறான முடிவில் கொண்டுபோய் நிறுத்திவிடும். ஜெயில் தேடலில் பெயர் வரவில்லை என்பதற்காக ‘கைதே ஆகவில்லை’ என்று நிம்மதியடைகிறவர்கள் அப்படித்தான் ஏமாறுகிறார்கள்.

முதலில் எந்தக் கவுண்டி என்று பாருங்கள்

டெக்சாஸில் 254 கவுண்டிகள். தபால் முகவரியில் ‘ஹூஸ்டன்’ என்று இருப்பதை வைத்துக் கவுண்டியை முடிவு செய்யக் கூடாது. ஹூஸ்டன் நகரமே ஹாரிஸைத் தாண்டி ஃபோர்ட் பெண்ட், மான்ட்கோமரி கவுண்டிகளுக்குள்ளும் நீள்கிறது. தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கும் கேட்டி, ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர் என மூன்று கவுண்டிகளில் விரிந்து கிடக்கிறது. சுகர் லேண்ட் ஃபோர்ட் பெண்டில். மீனாட்சி கோயில் இருக்கும் பியர்லேண்டின் பெரும்பகுதி பிரசோரியா கவுண்டி. கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழியில் ஒருவரை நிறுத்தினால், எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்பதைப் பொறுத்து ஜெயிலும் கோர்ட்டும் மாறும். அவருடைய வீடு எங்கே என்பதற்கு இதில் வேலையே இல்லை.

கவுண்டி தெரிந்தாலும், பிடித்தது யார் என்பது அடுத்த சிக்கல். ஹாரிஸுக்குள் ஹூஸ்டன் போலீஸ், ஷெரிஃப், பிரிசிங்க்டு எனும் எட்டு உட்பிரிவுகளின் கான்ஸ்டபிள்கள், மாநில ட்ரூப்பர்கள், மெட்ரோ போக்குவரத்துப் போலீஸ், பள்ளி மாவட்டங்களின் போலீஸ், பாசடீனா, பெல்லேர் போன்ற சிறு நகரங்களின் போலீஸ் என்று பலர் இருக்கிறார்கள். (இங்கே கான்ஸ்டபிள் என்றால் நம்மூர்க் கடைநிலைக் காவலர் இல்லை; வாக்களித்துத் தேர்ந்தெடுக்கப்படும் பதவி.) சம்பவ அறிக்கையை, பிடித்த துறையிடம்தான் கேட்க வேண்டும். ஷெரிஃப் அலுவலகத்துக்கு எழுதி ஹூஸ்டன் போலீஸின் அறிக்கையைக் கேட்டால், ‘எங்களிடம் இல்லை’ என்ற பதில் வரும். அது சரியான பதிலும்கூட.

முதல் சில மணி நேரம்

ஹாரிஸில் ஒரு வழக்கம் உண்டு. ஆளைப் பிடித்த அதிகாரி, அரசுத் தரப்பில் வழக்கு நடத்தும் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி அலுவலகத்தின் இன்டேக் பிரிவுக்குப் போன் போட்டு விவரம் சொல்ல வேண்டும். 24 மணி நேரமும் அங்கே வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ‘சரி, குற்றச்சாட்டுப் போடுங்கள்’ என்றால்தான் வழக்கு உருவாகும். ‘போதாது’ என்றால் பெரும்பாலும் ஆளை விட்டுவிடுவார்கள். அப்படி விடப்பட்டவருக்குக் கோர்ட் பதிவு இருக்காது, ஆனால் போலீஸ் அறிக்கை இருக்கும். கைவிலங்கு மாட்டியதை வீதியே பார்த்திருந்தும் கிளார்க்கின் தளத்தில் ஒன்றுமில்லாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

குற்றச்சாட்டு ஏற்கப்பட்டால், 2019இல் திறந்த கூட்டுப் பதிவு மையத்துக்குக் கொண்டுபோவார்கள். நகரத்துக்கும் கவுண்டிக்கும் பொதுவான இடம் அது. கைரேகை, படம், மருத்துவக் கேள்விகள், பிறகு மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்தல். டெக்சாஸ் சட்டப்படி 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் கொண்டுவர வேண்டும். வாரண்ட் இல்லாமல் பிடித்திருந்தால், கைதுக்குப் போதுமான காரணம் இருக்கிறதா என்பதைச் சிறு குற்றத்தில் 24 மணி நேரத்துக்குள்ளும், ஃபெலனி எனும் பெருங்குற்றத்தில் 48 மணி நேரத்துக்குள்ளும் முடிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பாண்டில், அதாவது பிணையில், விட வேண்டியதுதான்.

புக்கிங் முடியும்வரை ஆன்லைனில் பெயர் ஏறாமலும் இருக்கலாம். இரவு பதினொரு மணிக்குப் பிடித்தவரை நள்ளிரவில் தேடிக் காணவில்லை என்றால் பதற வேண்டாம். காலையில் மறுபடி தேடுங்கள். இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. ஷெரிஃபின் ஜெயில் தேடல் இப்போது உள்ளே இருப்பவர்களுக்கானது. பாண்டில் வெளியே வந்ததும் பெயர் இறங்கிவிடும். சிறு குற்றங்களுக்குப் பணம் கட்ட முடியாதவரை உள்ளே வைக்கும் வழக்கத்தை எதிர்த்து 2016இல் போடப்பட்ட ஓடானல் வழக்கு, 2019இல் சமரசத் தீர்ப்பில் முடிந்தது. அதற்குப் பிறகு சிறு குற்றத்தில் பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் பணம் கட்டாமலே சீக்கிரம் வெளியே வந்துவிடுகிறார்கள். ஆகவே ஜெயில் தேடலில் அவர்கள் பெயர் தெரியும் நேரம் மிகக் குறைவு. நடந்து முடிந்த கைதைத் தேட அது சரியான இடமில்லை.

பெயரில்தான் பாதித் தேடல் கெடுகிறது

நம்மவர்களுக்கு என்றே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் இருக்கும் ஒரே பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு, முதல் பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யூ.’ என்று அச்சிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அந்த எழுத்துகள் ஓட்டுநர் உரிமத்துக்குப் போய், அங்கிருந்து ஜெயில் பதிவுக்கும் போய்விடும். முத்துக்குமார் என்பவரைத் தேடுகிறவர் முதல் பெயர்க் கட்டத்தில் ‘முத்துக்குமார்’ என்று அடித்தால் ஒன்றும் வராது. குடும்பப் பெயர் முத்துக்குமார், முதல் பெயர் எஃப்.என்.யூ. என்று ஆங்கிலத்தில் அடித்தால் வரும். அப்பா பெயரைக் குடும்பப் பெயராக வைத்திருப்பவர்களுக்கு இரண்டையும் மாற்றிப் போட்டும் பார்க்க வேண்டும். ‘டி.எச்.’ இருக்கிறதா, வெறும் ‘டி’யா, நடுவில் இடைவெளி இருக்கிறதா என்பதும் சோதிக்க வேண்டியவைதான். பெயரின் முதல் நான்கைந்து எழுத்தோடு பிறந்த தேதியையும் சேர்த்துத் தேடுவது இந்த வம்பிலிருந்து ஓரளவு காப்பாற்றும்.

ஒரு தடவை ஆளைக் கண்டுபிடித்துவிட்டால் உடனே குறித்துக்கொள்ள வேண்டியது எஸ்.பி.என். எண். ஹாரிஸ் கவுண்டி ஒவ்வொரு ஆளுக்கும் கொடுக்கும் எண் அது. அதே ஆள் பத்து வருடம் கழித்து வேறு வழக்கில் வந்தாலும் எண் மாறாது. வழக்குக்கு வேறு எண். அதைக் ‘காஸ் நம்பர்’ என்பார்கள். நம்மூர் ஈகோர்ட்ஸில் சி.என்.ஆர். எண் போல என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே பெயர், ஒரே வயது உள்ள இருவரைப் பிரித்துக் காட்டுவது எஸ்.பி.என்.தான். இதுவும் கவுண்டிக்குள் மட்டுமே செல்லும். ஃபோர்ட் பெண்டில் போய்ச் சொன்னால் அங்கே யாருக்கும் புரியாது.

கிளார்க்கின் பதிவைப் படிப்பது

ஹாரிஸ் கவுண்டி டிஸ்ட்ரிக்ட் கிளார்க் அலுவலகம், ஃபெலனி வழக்குகளுக்கும் ஏ, பி வகைச் சிறு குற்ற வழக்குகளுக்கும் சேர்த்துப் பதிவு வைத்திருக்கிறது. அருகிலேயே கவுண்டி கிளார்க் என்று இன்னொரு அலுவலகம் உண்டு. அது திருமணம், நிலப் பத்திரம் பார்க்கும் இடம். பெயர் ஒற்றுமையில் வழிதவறி அங்கே போகிறவர்கள் நிறைய. அபராதம் மட்டுமே உள்ள சி வகைக் குற்றங்கள், பெரும்பாலும் போக்குவரத்து டிக்கெட்டுகள், நகராட்சிக் கோர்ட்டிலோ ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் கோர்ட்டிலோ இருக்கும். டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கின் தளத்தில் அவை வராது.

தளத்தில் ஆவணங்களைத் திறக்க இலவசக் கணக்கு ஒன்று வேண்டும். வழக்கு வரியில் முதலில் பார்க்க வேண்டியது சி.டி.ஐ. என்ற குறி: 2 என்றால் சிறு குற்றம், 3 என்றால் ஃபெலனி. அடுத்து குற்றத்தின் தரம். எம்.பி. என்றால் பி வகை, அதிகபட்சம் 180 நாள் ஜெயிலும் 2,000 டாலர் அபராதமும். எம்.ஏ. என்றால் ஏ வகை, ஒரு வருடமும் 4,000 டாலரும். எஃப்.எஸ். என்பது ஃபெலனியில் கடைசிப் படி. 180 நாளில் தொடங்கி இரண்டு வருடம் வரை. குடித்துவிட்டு வண்டி ஓட்டிய முதல் வழக்கு சாதாரணமாக எம்.பி. இரத்த ஆல்கஹால் 0.15ஐத் தொட்டால் எம்.ஏ. ஆகிவிடும்.

தேதிகளில் கவனம் தேவை. குற்றம் நடந்த தேதி, கைதான தேதி, வழக்குத் தாக்கலான தேதி மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நள்ளிரவைத் தாண்டி வழக்கு ஏறினாலே இரண்டு தேதி வந்துவிடும். பழைய சம்பவத்துக்கு வாரண்ட் போட்டுப் பிடித்திருந்தால் இடைவெளி மாதக் கணக்கில் போகும். விண்ணப்பப் படிவங்கள் கேட்பது பெரும்பாலும் கைதான தேதியை. மக்கள் எழுதுவது வழக்குத் தாக்கலான தேதியை. பிறகு கைரேகைச் சோதனையில் வேறு தேதி வந்து ‘இரண்டாவது கைது ஒன்றை மறைத்தீர்களா?’ என்ற கேள்வியில் முடிகிறது.

இருக்கிற கட்டங்களிலேயே அதிகம் தவறாகப் படிக்கப்படுவது முடிவு எழுதியிருக்கும் கட்டம்தான். ‘டிஸ்மிஸ்டு’ (தள்ளுபடி) என்று ஒரு சொல்லைப் பார்த்ததும் வழக்கு ஒழிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. ஹாரிஸில் வழக்கைக் கைவிடும் மனு ஒரு பக்கப் படிவம். காரணங்களுக்கு எதிரே சின்னச் சின்னக் கட்டங்கள், அவற்றில் ஒன்றில் குறி போட்டிருக்கும். ‘சாட்சியம் போதவில்லை’ ஒரு காரணம். ‘வேறொரு வழக்கில் தண்டனை பெற்றார்’ இன்னொன்று. ‘வழக்கு மறுபடி தாக்கலாகியிருக்கிறது’ என்பதும் ஒன்று. கடைசிக் காரணத்தில் விடுதலை எங்கே இருக்கிறது? பி வகையில் போட்டதை எடுத்துவிட்டு, உதாரணமாக, ஃபெலனியாகப் போட்டிருப்பார்கள், அவ்வளவுதான். புதுக் காஸ் நம்பரில் வழக்கு உயிரோடு இருக்கும். பட்டியலில் தெரியும் ஒற்றை வரி இந்தக் காரணத்தைச் சொல்லாது. அந்தப் படிவத்தின் ஸ்கேன் படத்தைத் திறந்து எந்தக் கட்டத்தில் குறி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதே எஸ்.பி.என்.னில் அடுத்தடுத்த நாட்களில் தாக்கலான மற்ற வழக்குகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகும்.

ஃபெலனியில், குற்றச்சாட்டை ஏற்பதா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழுவான கிராண்ட் ஜூரி ‘நோ பில்’ என்று சொன்னால் குற்றச்சாட்டு ஏற்கப்படவில்லை என்று பொருள். ‘பாண்ட் ஃபார்ஃபீச்சர்’ என்று இருந்தால் ஆள் கோர்ட்டுக்கு வரவில்லை. பாண்ட் பறிபோய்ப் புதிய வாரண்ட் கிளம்பியிருக்கும்.

எழுதிக் கேட்பது

சம்பவ அறிக்கை ஆன்லைனில் இருக்காது. டெக்சாஸ் பொதுத் தகவல் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்க வேண்டும். அரசுச் சட்டத் தொகுப்பின் 552ஆவது அத்தியாயம். கோர்ட்டுகள் இந்தச் சட்டத்துக்குள் வராதவை. அதனால் கிளார்க்குக்கு இந்தச் சட்டத்தைக் காட்டி மனுப் போடுவதில் பயனில்லை.

விசாரணை நடக்கும் வழக்கின் விவரங்களை மறைத்துக்கொள்ளப் போலீஸுக்கு 552.108 பிரிவு இடம் தருகிறது. ஆனால் அதே பிரிவின் இறுதியில், கைதானவர், கைது, குற்றம் ஆகியவை பற்றிய ‘அடிப்படைத் தகவலை’ மறைக்கக் கூடாது என்று இருக்கிறது. அடிப்படைத் தகவல் என்றால் எது? ஹூஸ்டன் கிரானிக்கிள் பத்திரிகை, ஹூஸ்டன் நகரத்தின் மேல் போட்ட வழக்கில் 1975இல் வந்த தீர்ப்பு அதை வகுத்தது. கைதானவரின் பெயர், வயது, கைதான இடமும் நேரமும், பிடித்த அதிகாரியின் பெயர், குற்றச்சாட்டு, புக்கிங் விவரம், பாண்ட் விவரம், சம்பவத்தின் விவரணை ஆகியவை இதில் அடங்கும். சாட்சிகளின் வாக்குமூலமும் புலனாய்வுக் குறிப்புகளும் அடங்காது. இந்தியாவில் 2016 உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு எஃப்.ஐ.ஆர். முழுதாகவே இணையத்தில் ஏறுகிறது, சில வகை வழக்குகள் நீங்கலாக. அதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு டெக்சாஸ் தரும் ஒரு பக்கத் தாள் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

மனு நீளமாக இருக்க வேண்டாம். பெயர், பிறந்த தேதி, கைதான நாள், இடம், தெரிந்தால் சம்பவ எண் போதும். ‘அடிப்படைத் தகவலை உடனே தரவும், மற்றதைச் சட்டப்படி முடிவு செய்யவும்’ என்று ஒரு வரி சேர்த்தால் காத்திருப்பு குறையும். எதற்குக் கேட்கிறீர்கள் என்று அவர்கள் விசாரிக்கக் கூடாது. நீங்களாகக் காரணம் எழுதவும் தேவையில்லை. துறை இதற்கென்று அறிவித்திருக்கும் மின்னஞ்சலுக்கோ முகவரிக்கோ மட்டும் அனுப்புங்கள். தெரிந்த அதிகாரியின் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பினால் கெடு ஓடவே ஆரம்பிக்காது.

மறுக்க நினைத்தால் 10 வேலை நாளுக்குள் மாநில அட்டர்னி ஜெனரலிடம் அவர்கள் அனுமதி கேட்க வேண்டும். அட்டர்னி ஜெனரலுக்கு 45 வேலை நாள் அவகாசம். கட்டணம் பக்கத்துக்குப் பத்து சென்ட். 50 பக்கத்துக்குள் இருந்தால் ஆள்கூலி பொதுவாகப் போட மாட்டார்கள், மேலே போனால் மணிக்கு 15 டாலர். மொத்தம் 40 டாலரைத் தாண்டினால் முன்கூட்டியே கணக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கணக்குக்கு நீங்கள் 10 வேலை நாளுக்குள் பதில் எழுதாவிட்டால் மனுவைத் திரும்பப் பெற்றதாக எடுத்துக்கொள்வார்கள். மின்னஞ்சலின் ஸ்பாம் பெட்டியில் கிடந்து இப்படிச் செத்துப்போன மனுக்கள் ஏராளம்.

உடலில் மாட்டிய கேமரா பதிவுக்கு விதி வேறு. தேதியும் ஏறத்தாழ நேரமும், இடம், அதில் இருக்கும் ஒருவரின் பெயர் மூன்றும் மனுவில் இருந்தாக வேண்டும். தண்டனையில் முடியாத வழக்குகளின் கோப்பை மறைக்கவும் சட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. கைதானவர் காவலிலேயே இறந்துபோனால் வழக்கு தண்டனையில் முடியாது அல்லவா. அதையே காட்டிக் குடும்பத்துக்குக்கூடக் கோப்பு மறுக்கப்படுகிறது. ‘செத்தவர் ஓட்டை’ என்று டெக்சாஸ் பத்திரிகைகள் பல வருடமாக எழுதியும் அது அடைபடவில்லை. சட்டத்தின் நோக்கத்துக்கே எதிரான பிரிவு என்றுதான் சொல்ல வேண்டும்.

எங்கேயும் தென்படாதவை

சிறார் வழக்குகள் வெளியே வராது. ஆனால் டெக்சாஸில் 17 வயது ஆகிவிட்டாலே குற்ற வழக்குக்குப் பெரியவர்தான்; பள்ளி இறுதி வகுப்புப் பையனின் கைது, எல்லோர் கண்ணுக்கும் தெரியும் பதிவாகிவிடும். மத்திய அரசு வழக்குகள் கவுண்டியில் இருக்காது. அவற்றை பேசர் தளத்தில் தேட வேண்டும், பக்கத்துக்குப் பத்து சென்ட், மூன்று மாதத்தில் 30 டாலர் அல்லது அதற்குக் கீழே என்றால் கட்டணமில்லை. குடியேற்றத் துறை எடுத்துக்கொண்டு போனவரைத் தேட ‘ஐஸ்’ துறையின் தனித் தளம் இருக்கிறது. அங்கே ஏ-நம்பரோ (குடியேற்றத் துறை ஆளுக்குக் கொடுக்கும் எண்) பெயரோ, எதுவானாலும் கூடவே பிறந்த நாடும் கேட்பார்கள்.

டி.பி.எஸ்.சின் பொதுத் தேடலில் தண்டனையும் ‘டிஃபர்டு அட்ஜுடிகேஷன்’ எனும் நிபந்தனை ஒத்திவைப்பும்தான் தெரியும். தள்ளுபடியான கைது தெரியாது. அங்கே ‘பதிவு இல்லை’ என்று வந்த தாளை நீட்டி ‘எனக்குக் கைதே இல்லை’ என்று சொல்வது ஆபத்து. கைரேகை வைத்து எடுக்கும் எஃப்.பி.ஐ. அறிக்கையில் அது இருக்கக்கூடும். அதை முன்கூட்டியே 18 டாலர் கட்டி உங்களுக்கு நீங்களே வாங்கிப் பார்த்துவிடலாம்.

தனியார் தளங்கள் இந்தப் பதிவுகளை மொத்தமாக வாரிக்கொண்டு போய் விற்கின்றன. கைதானதை எடுத்துவைக்கும் வேகம், தள்ளுபடியானதைச் சேர்ப்பதில் இருப்பதில்லை. நீக்குவதற்குக் காசு கேட்கும் தளங்களுக்குக் கடிவாளம் போட டெக்சாஸ் 2013இல் சட்டம் கொண்டுவந்தது. தவறைத் திருத்தக் கட்டணம் வாங்கக் கூடாது. வேலைக்காகப் பின்னணி பார்க்கும் நிறுவனங்களை மத்திய சட்டம் கட்டுப்படுத்துகிறது. தண்டனையில் முடியாத கைது ஏழு வருடத்தைத் தாண்டினால் அறிக்கையில் காட்டக் கூடாது. ஆனால் ஆண்டுச் சம்பளம் 75,000 டாலரோ அதற்கு மேலோ உள்ள வேலைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஐ.டி. வேலைகளில் பெரும்பாலானவை அந்தக் கோட்டுக்கு மேலேதான் இருக்கின்றன.

விசாவில் இருப்பவருக்கு

2015 முதல், ஐந்து வருடத்துக்குள் குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானவரின் விசா ஸ்டாம்பைத் தூதரகம் ரத்து செய்யலாம். தண்டனை வேண்டியதில்லை, கைதே போதும். விசா விண்ணப்பமான டி.எஸ்.160 கேட்பதும் ‘எப்போதாவது கைதானீர்களா, தண்டனை பெற்றீர்களா’ என்றுதான்.

டிஃபர்டு அட்ஜுடிகேஷனில் டெக்சாஸ் ஒன்று சொல்கிறது, குடியேற்றச் சட்டம் வேறொன்று சொல்கிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டு, நிபந்தனைகளை முடித்து, வழக்குத் தள்ளுபடியானால் டெக்சாஸ் கணக்கில் அது தண்டனை இல்லை. குடியேற்றச் சட்டத்தில், ஒப்புக்கொண்டதும் நிபந்தனை விதித்ததும் சேர்ந்தாலே தண்டனைதான். கவுண்டி வழக்கறிஞர் ‘இது உங்கள் ரெக்கார்டில் தண்டனையாக வராது’ என்று சொன்னால், எந்த ரெக்கார்டில் என்று கேட்க வேண்டும்.

பதிவை அழிக்கும் எக்ஸ்பங்ஷன் உத்தரவுக்கு, 2025 ஜனவரி முதல் குற்றவியல் நடைமுறைத் தொகுப்பின் 55ஏ அத்தியாயத்தைப் பார்க்க வேண்டும். பழைய கட்டுரைகள் 55 என்றே காட்டும். குற்றச்சாட்டே போடாமல் விட்ட கைதுக்குக் காத்திருக்கும் காலம் சி வகைக்கு 180 நாள், ஏ, பி வகைக்கு ஒரு வருடம், ஃபெலனிக்கு மூன்று வருடம். உத்தரவு வந்ததும் போலீஸ், ஜெயில், கிளார்க், டி.பி.எஸ். எல்லோரும் கோப்பை அழிக்க வேண்டும். நான்-டிஸ்க்ளோஷர் என்பது வேறு; பொதுமக்களிடமிருந்து மறைக்கும், அரசுத் துறைகள் பல பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

அழித்த பிறகு குடியுரிமைக்கு என்-400 போடும்போது அந்தப் படிவம், அழிக்கப்பட்ட கைதையும் சொல்லச் சொல்கிறது. கூடவே கோர்ட் முத்திரை இட்ட தீர்ப்பு நகலையும் கேட்கும். கிளார்க்கிடம் போனால் ‘அப்படி ஒரு வழக்கே இல்லை’ என்பார்கள். அவர்களால் வேறு எதுவும் சொல்லவும் முடியாது. ஆகவே எக்ஸ்பங்ஷன் மனுவில் கையெழுத்துப் போடுவதற்கு முன் குற்றச்சாட்டுத் தாள், தள்ளுபடிப் படிவம், கடைசி உத்தரவு மூன்றிலும் முத்திரை வைத்த நகல் இரண்டிரண்டு வாங்கிவிட வேண்டும். ஒன்று வழக்கறிஞரிடம் இருக்கட்டும், இன்னொன்றை வீட்டில் பாஸ்போர்ட்டோடு வையுங்கள்.